பத்தொன்பதாவது ஆள்

தேர்தலில் தனியாக நிற்பது என்று சொல்வார்களே, இலங்கையின் மாகாண சபைத் தேர்தலில் அப்படி ஒன்று கிடையாது. இது எனக்குத் தெரிய வந்தது 2013 யூலையில். வட மாகாணத்துக்கு முதன்முதலாகத் தனித் தேர்தல் வருகிறது, தானும் சுயேச்சையாகக் கேட்கப்போவதாகப் பெரியப்பா சொன்னார். "கேளுங்கோவன்" என்றேன். "அதுக்கு இன்னும் பதினெட்டுப் பேர் வேணும் தம்பி" என்றார்.

கணக்கு இதுதான். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 16 ஆசனங்கள். கட்சியானாலும் சரி, சுயேச்சைக் குழுவானாலும் சரி, ஆசனத் தொகையோடு மூன்றைக் கூட்டி அத்தனை பெயர் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். ஆக 19. ஒரு பெயர் குறைந்தாலும் அந்த ஒருவர் மட்டுமல்ல, முழுப் பட்டியலும் தள்ளுபடி.

பெரியப்பா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் வேலை செய்து, முகாமையாளராக ஓய்வு பெற்றவர். சண்டை நடந்த காலத்தில் சங்கக் கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் அளந்து கொடுத்த மனிதர். மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி கூட்டுறவு மாகாணத்துக்குரிய விடயம். "அதைத் தெரிஞ்ச ஒருத்தனாவது சபையிலை இருக்க வேண்டாமோ?" என்பது அவருடைய நியாயம். நியாயத்தில் பிழை இல்லை. ஆனால் பட்டியல் நிரப்ப நியாயம் உதவாது, மோட்டார் சைக்கிள்தான் உதவும். என்னிடம் ஒன்று இருந்தது. அதனால்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

முதல் பத்துப் பேர் மூன்று நாளில் கிடைத்தார்கள். பெரியப்பாவோடு வேலை செய்தவர்கள், மச்சான்மார், ஒரு பழைய மாணவன். அடுத்த ஐந்து பேருக்கு ஐந்து நாள் ஓடியது. அதற்குப் பிறகுதான் சில்லெடுப்பு. அரச உத்தியோகம் பார்ப்பவர்கள் வேலைக்குப் பிரச்சினை வரும் என்றார்கள். இளம் பெடியள் வெளிநாட்டு விசாவுக்கு இடைஞ்சல் என்றார்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணி, வடை எல்லாம் தந்து ஒன்றரை மணித்தியாலம் அரசியல் கதைத்தார்கள். கடைசியில் வீட்டுக்கார அம்மா, "இவரின்ரை பேர் வேண்டாம் அண்ணை, ஆமி வந்து விசாரிக்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சண்டை முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது.

பெயர் தந்தால் மட்டும் காணாது, கையெழுத்தும் வேண்டும். ஒவ்வொருவரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். அதோடு அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் உள்ள உறுதியுரையில் ஒப்பமிட வேண்டும். 1983இல் ஆறாம் திருத்தத்தோடு வந்தது அது: இலங்கைக்குள் தனி அரசு அமைப்பதை ஆதரிக்கமாட்டேன், ஊக்குவிக்கமாட்டேன் என்று. சமாதான நீதவான் ஒருவரின் விறாந்தையில் இருந்து இதைச் செய்தோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். பிறகு கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டு இன்னொருக்கால் வாசித்தார். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். "பேனை தாங்கோ" என்று வாங்கிக் கையெழுத்து வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார்.

வேட்புமனு ஏற்றது யூலை 25 முதல் ஓகஸ்ட் 1 மதியம் வரை. யூலை 31 இரவு எட்டு மணிக்கு எங்களிடம் சரியாக 19 பேர். எட்டரைக்கு 18. ஒரு மச்சான், மனைவி வேண்டாம் என்கிறா என்று தொலைபேசியிலேயே விலகிவிட்டார். முகம் காட்டியிருந்தால் பெரியப்பா விட்டிருக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும்!

ஒன்பது மணிக்கு மேல் சந்தியில் ஒரு தையல் கடையில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது. பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடக்க, அந்த மனிதர் மெசினில் இருந்தார். பெரியப்பா விளக்கம் சொல்லத் தொடங்க, அவர் கால் மிதிப்பை நிறுத்தவே இல்லை. முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காசு ஏதும் கட்ட வேணுமோ?" கட்டுப்பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றோம். "அப்ப சரி." அடையாள அட்டையை எடுக்க லாச்சியைத் திறந்தார். பொத்தான் பெட்டிக்குள் இருந்தது அட்டை. இப்படித்தான் எங்கள் பத்தொன்பதாவது வேட்பாளர் அரசியலுக்கு வந்தார். சமாதான நீதவானைப் படுக்கையில் இருந்து எழுப்ப வேண்டியதாயிற்று.

இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: ஒவ்வொருவருடைய பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பாருங்கள். முதலெழுத்து முன்னே பின்னே மாறிக் கிடந்த இரண்டு பெயரை இரவு பன்னிரண்டு மணிக்கு நாங்கள் திரும்ப எழுதினோம். உதிரியாக மூன்று நாலு பேரை வைத்திருந்தால் இந்த ஓட்டமே தேவையில்லை.

அடுத்த நாள் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மனுவைக் கொடுத்தோம். மதியம் 12 மணியோடு ஏற்பது முடியும், பிறகு ஒன்றரை மணித்தியாலம் ஆட்சேபனைக்கு. எங்களுக்கு எதிராக ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பெரியப்பாவுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் என்று நினைக்கிறேன். சின்னமும், அகரவரிசைப்படி விருப்பு எண்ணும் கிடைத்தன. எண்ணையும் சின்னத்தையும் இங்கே சொல்லப்போவதில்லை, சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவீர்கள். சின்னம் வீட்டில் புழங்கும் ஒரு சாமான் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசாரம் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வாக்குச்சீட்டில் முதலில் சின்னத்துக்குப் புள்ளடி, பிறகு விரும்பினால் மூன்று பேருடைய எண்களுக்குப் புள்ளடி. இந்த விளக்கத்தைப் படலை படலையாகச் சொன்னோம். ஒரு ஆச்சி நோட்டீஸை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இது வீட்டுக்குள்ளை இருக்கிற சாமான்தானே?" "ஓம் ஆச்சி." "அப்ப நான் வீட்டுக்குப் போட்டா இதுக்கும் சேரும்தானே?" வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம். பெரியப்பா சிரித்த அளவுக்கு அந்த ஒன்றரை மாதத்தில் வேறு எங்கும் சிரிக்கவில்லை. முடிவை ஆச்சி அங்கேயே சொல்லிவிட்டார்.

செப்டெம்பர் 21 வாக்களிப்பு. மாவட்டத்தின் 16 ஆசனங்களில் 14 வீட்டுக்குப் போயிற்று, சபை முழுவதிலும் 38இல் 30. வீட்டுச் சின்னத்தில் முதலமைச்சர் வேட்பாளராக நின்ற, உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த விக்னேஸ்வரனுக்கு விருப்பு வாக்கு மட்டும் 132,255. எங்கள் குழுவின் தொகையைச் சொல்லி என்ன? நிராகரிக்கப்பட்ட வாக்குகளே மாவட்டத்தில் பல ஆயிரம், அதோடு ஒப்பிடவும் நாங்கள் காணாது. ஆனால் பெரியப்பா ஒரு கொப்பியில் கணக்குப் பார்த்தார். பத்தொன்பது வேட்பாளர், ஒவ்வொருவர் வீட்டிலும் சராசரி நாலு வாக்கு என்று பெருக்கினார். வந்த வாக்கை அதன் கீழே எழுதினார். கழித்துப் பார்த்துவிட்டு, சங்கத்தில் இருப்புக் குறைந்தால் விசாரிக்கிற அதே முகத்தோடு பெரியம்மாவைப் பார்த்தார். "என்னை ஏன் பார்க்கிறியள்? என்ரை வாக்கு இரகசிய வாக்கு" என்றுவிட்டு பெரியம்மா குசினிக்குள் போய்விட்டார்.

இன்னொருக்கால் கேட்டுப் பார்ப்பம் என்று அவர் வைத்திருந்த எண்ணத்துக்கு வழியே வரவில்லை. கைதடியில் கூடிய அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2017இல் சட்டமான புதிய தேர்தல் முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றம் 139 வாக்குகளால் தோற்கடித்தது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று மாகாண சபைத் தேர்தல் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கிறது.

உள்ளூராட்சித் தேர்தல் மட்டும் இடையில் வந்தது. 2017 டிசெம்பரில் ஒரு பின்னேரம் தையல்கார அண்ணை வீட்டுக்கு வந்தார். பிரதேச சபைக்குத் தானே ஒரு சுயேச்சைக் குழு போடுகிறாராம். எங்களோடு கச்சேரிக்கு வந்து பார்த்த பிறகு, இது செய்யக்கூடிய அலுவல்தான் என்று பட்டதாம். கையில் கோப்பு, அதற்குள் உதிரியாக மூன்று படிவம். எங்களைவிடத் தெளிவான ஆள்.

பெரியப்பா உள்ளே போய் அடையாள அட்டையை எடுத்து வந்தார். படிவத்தில் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சரி பார்த்தார். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் எத்தினையாவது ஆள்?"

"கடைசி ஆள் ஐயா."

"அப்ப சரி" என்று கையெழுத்து வைத்தார்.