திட்ட அமைச்சுக்குப் போன எங்கள் பேராசிரியர்

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி மூலம் பொருளியல் படித்த எங்களுக்குப் பாடநூல் என்று கையில் கிடைத்தவை மிகக் குறைவு. விரிவுரையில் எழுதியெடுத்த குறிப்புகள் போக, மிச்சமெல்லாம் நூலகத்து ஆங்கிலப் புத்தகங்கள்தான். அவற்றுள் என்னைப் பிடித்துக்கொண்டது எங்கள் துறைப் பேராசிரியர் எச். ஏ. டி எஸ். குணசேகர இலங்கையின் நாணய வரலாற்றைப் பற்றி எழுதி, 1962இல் லண்டனில் வெளிவந்த நூல். அருணாசலம் மண்டப விடுதி அறையில் பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு அதை வாசித்தேன்.

அந்நூல் சொன்ன கதை இது. கோப்பிச் செடியை இலைநோய் தின்று முடித்த காலம். 1884இல் ஓரியன்டல் வங்கி கதவை மூடியது. அதன் தாள்களை வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றபோது, ஆளுநர் கோர்டன் அவற்றுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். அதைத் தொடர்ந்து நோட்டு வெளியிடும் வேலை நாணயச் சபையின் கைக்கு வந்தது. வெளியே எவ்வளவு சொத்து இருக்கிறதோ அதற்கேற்பத்தான் உள்ளே தாள் அச்சிடலாம். தேயிலை, றப்பர் விலை ஏறினால் நாட்டில் காசு புழங்கும், விழுந்தால் வற்றிவிடும். தோட்டத்துரைக்கும் கப்பற்காரருக்கும் அது போதும். கமக்காரனுக்கு? 1950 ஓகஸ்ட் 28இல் மத்திய வங்கி திறக்கப்பட்டது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு அந்த நூலால்தான் விளங்கியது.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு வந்ததும் பேராசிரியர் திட்ட அமைச்சின் செயலாளரானார். 1971 ஏப்ரலில் படித்த இளைஞர்களின் கிளர்ச்சி. அந்த ஆண்டு முடியுமுன்னே 1972–76க்கான ஐந்தாண்டுத் திட்டம். பிறகு எண்ணெய் விலை நாலு மடங்கானது, கோதுமையும் அரிசியும் கூடவே ஏறின. சொந்த மத்திய வங்கி இருந்தும் அந்நியச் செலாவணி இல்லை. பாணுக்கு விடியப்புறமே வரிசை. ஏற்றுமதி விலையோடு நாட்டின் காசும் கட்டுண்டு கிடக்கும் என்று தான் புத்தகத்தில் எழுதிய நோயை, இம்முறை நாடாளும் மேசையில் இருந்து அவர் பார்க்க வேண்டியதாயிற்று. சொந்த நாணயம் வந்தாலும் ஏற்றுமதி மாறாவிட்டால் கட்டு அவிழாது என்பதே அந்த ஏழு ஆண்டுகள் எனக்குச் சொன்னது.

அக்காலத்தைப் பஞ்சக் காலம் என்று மட்டும் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதி நின்றபோது யாழ்ப்பாணத்துக் கோப்பாய், நீர்வேலிச் செம்மண்ணில் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். துலா மிதித்த கிணறுகளில் இறைப்பு மெசின் ஓடியது. அடகில் இருந்த காணி மீண்டது. எங்கள் வீட்டுத் தலைவாசலில் வெங்காயப் பிடிகள் வளை தெரியாமல் தொங்கின; ஐயா கொழும்பு வியாபாரியோடு விலை பேசிய குரலில் முன்பு கேளாத ஒரு நிமிர்வு. அதே ஆண்டுகளில்தான் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாக மாற்றிய தரப்படுத்தல் வந்து எங்கள் தம்பி தங்கைமாரின் வளாகக் கனவை முறித்தது. அந்தக் காயத்தை வெங்காயக் காசு ஆற்றவில்லை, ஆற்றவும் முடியாது.

1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மிளகாய் விலை சரிந்தது. திட்டம் தோற்றதென்று கொழும்பில் எழுதினார்கள். பயிர் மருந்துச் செலவுக்கும் இறைப்பு மெசின் மண்ணெண்ணெய்க்கும் கட்டாத விலையில் சாக்குகளை ஏற்றிவிட்ட எங்கள் ஊர்க் கமக்காரரை அவர்கள் யாரும் கேட்கவில்லை. பேராசிரியரின் அமைச்சுக் காலத்தை எடைபோடுகிறவர்கள் அவர்களையும் ஒருமுறை கேட்கவேண்டும்.