இடைவேளையில் நான் செய்த தவறு

பகலில் வெவ்வேறு வேலைகளில் இருப்பவர்கள் மாலையில் கூடி நடத்தும் நாடகக் குழு எங்களுடையது. இம்முறை ஒரு நகைச்சுவை நாடகத்தை மூன்று இரவுகள் மேடையேற்றுவது என்றும், பார்க்க வருகிறவர்கள் கெட்டுப்போகாத உணவுப் பொருள் ஏதேனும் ஒன்றைக் கொண்டுவரலாம் என்றும் முடிவு செய்தோம். திரட்டியதை, உணவுப் பொருள்களைச் சேகரித்துத் தேவைப்படுவோருக்கு வழங்கும் உணவு வங்கியில் சேர்ப்பிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நகைச்சுவை நாடகத்தில் கடினமானது வசனம் அன்று, காத்திருப்புதான். எழுந்த சிரிப்பு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் கணத்தில் அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். முந்தினால் அது யார் காதிலும் விழாது, அரங்கம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தால் காட்சியின் ஓட்டமே நின்றுவிடும். ஒத்திகையில் இதைப் பழகவும் முடியாது, ஏனெனில் நாற்பதாவது முறையாகக் கேட்கும் வேடிக்கைக்குச் சக நடிகர்கள் சிரிப்பதில்லை.

இவ்வளவு தெரிந்திருந்தும் முதல் நாள் இடைவேளையில் மேடையேறிப் பசியைப் பற்றி ஐந்து நிமிடம் உருக்கமாகப் பேசினேன். வெறுங்கையுடன் வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்து வந்த, நாங்கள் பெரிதும் நம்பியிருந்த காட்சியில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் மேடையில் வாய் திறக்காமல், வேண்டுகோளை நுழைவுச்சீட்டுடன் அனுப்பும் செய்தியிலேயே சேர்த்து, பெட்டிகளை வாசலில் வைத்தோம். சிரித்துவிட்டு வெளியே வந்தவர்களில் சிலர் தாமாகவே பணமும் தந்தார்கள். உணவு வங்கியினர் அந்தப் பணத்தைக் கண்டுதான் கூடுதலாக மகிழ்ந்தார்கள். மொத்த விலையில் வாங்குவதால், அதே தொகைக்கு நம்மைவிட அவர்களால் அதிகம் வாங்க முடிகிறது.

1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியதே முதல் உணவு வங்கி என்பார்கள். மிகுதியாக இருப்பவர் போட்டு வைக்க, தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் பிறந்த பெயர் அது. எங்கள் பெட்டிகளைப் பிரித்தபோதோ, சிலர் அதைக் குப்பைத்தொட்டியின் மறுபெயர் என்று கருதியிருக்கக்கூடும் எனத் தோன்றியது. காலாவதியானவை, பாதி பிரித்தவை, விரிசல் விட்ட கண்ணாடிப் புட்டிகள் ஆகியவற்றைத் தனியே ஒதுக்குவதற்கே ஒரு முழு மாலை போயிற்று.

மூன்றாம் நாள்தான் உண்மையான வேடிக்கை நடந்தது. நாயகன் தன் பலத்தைக் காட்ட ஒரு பெரிய பெட்டியை ஒற்றைக் கையால் தூக்க வேண்டும். அதற்கென வைத்திருந்த காலிப் பெட்டியும் நன்கொடைப் பெட்டிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. அவர் பிடித்து இழுத்தார், பெட்டி அசையவில்லை. இரு கைகளாலும் இழுத்தார், அப்போதும் அசையவில்லை. மூன்று இரவுகளிலும் எழுந்த சிரிப்புகளில் அதுவே பெரியது. அடுத்த வசனத்துக்காக அவர் வெகுநேரம் காத்து நிற்க வேண்டியிருந்தது. காலிப் பெட்டியோ அதற்குள் உணவு வங்கியின் வண்டியில் ஏறிப் போய்விட்டிருந்தது.