ரேடியோ அறை நாட்குறிப்பு: சிட்னி கரையோரம்

அக்டோபர் 5, சனி

தொழிலாளர் தின நீண்ட வார இறுதி. விடியும் முன்பே போட்டனி விரிகுடாப் படகுத்துறையில் ட்ரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டன. குளிர்காலம் முழுக்க வீட்டு முற்றத்தில் கிடந்த படகுகள் எல்லாம் இன்றைக்குத்தான் தண்ணீரைப் பார்க்கின்றன. அதனால் நாள் எப்படிப் போகும் என்று எங்களுக்கு முன்பே தெரியும்.

நான் தொண்டு செய்யும் மரைன் ரெஸ்க்யூ நியூ சவுத் வேல்ஸ் என்ற கடல் மீட்பு அமைப்பு, 2009இல் மூன்று பழைய தொண்டர் அமைப்புகளை ஒன்றாக்கித் தொடங்கப்பட்டது. சம்பளம் கிடையாது. என் வேலை பெரும்பாலும் ரேடியோ அறையில்தான்: புறப்படும் படகின் பதிவு எண், எத்தனை பேர், எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேட்டு எழுதுவது. செயலியிலும் பதியலாம். திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்பார்த்தபடியே ஒருவருக்கு பேட்டரி செத்துவிட்டது, இன்னொருவருக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. மீட்பு என்றவுடன் ராட்சத அலையும் ஹெலிகாப்டரும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். எங்கள் படகுகள் போவது அநேகமாகக் கயிறு கட்டி இழுத்து வரத்தான். போக மூன்றில் ஒரு பங்கு எரிபொருள், வர ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்தும் தீர்ந்துபோகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

பக்கத்து வீட்டுத் தம்பி நாலே கால் மீட்டர் அலுமினிய வள்ளம் ஒன்று வாங்கியிருக்கிறார். இங்கே ‘டின்னி’ என்பார்கள். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்.

நங்கூரம் இருந்தது, கயிறு போதாது. தண்ணீர் இறைக்க வாளி இல்லை. துடுப்பு ஒன்றுதான். காற்றடைத்து விரியும் லைஃப் ஜாக்கெட்டுகளைப் பழைய சொந்தக்காரர் இலவசமாகக் கொடுத்தாராம். திறந்து பார்த்தேன், உள்ளே இருந்த வாயுக் குப்பியில் துரு. உப்புக் காற்றுக்கு இது சாதாரணம். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். இப்படி ஒன்றை நம்பி விழுவதைவிட, பழைய நுரை ஜாக்கெட்டே மேல்.

“அண்ணை, இதெல்லாம் வேணுமே? கரையைப் பாத்துக்கொண்டுதானே நிக்கப் போறம். போனும் கையில இருக்கு.”

“போன் தண்ணிக்குள்ள விழுந்தா என்ன செய்வீர், தம்பி?”

சிரித்தார். போனில் கூப்பிட்டால் ஒருவருக்குத்தான் கேட்கும். வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிட்டால் அக்கம்பக்கத்தில் நிற்கிற படகெல்லாம் கேட்கும். நாங்கள் போய்ச் சேரும் முன்பே யாராவது வந்துவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ‘மேடே’ மூன்று தரம், படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். பெயரைச் சொன்ன உடனேயே இடத்தைச் சொல்லச் சொன்னேன். பேச்சு நடுவில் அறுந்துபோனாலும் தேட ஓர் இடமாவது இருக்கும்.

தம்பியின் மகனுக்குப் பத்து வயது. 4.8 மீட்டருக்குக் குறைந்த படகில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளை லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். தனியாகப் போனால், இரவில் போனால் பெரியவருக்கும் அதே சட்டம். அதை மட்டும் தம்பி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அக்டோபர் 26, சனி

பயிற்சி நாள். பொம்மை மனிதனைத் தண்ணீரில் தள்ளிவிட்டு மீட்க வேண்டும். ஒருவருக்கு வேறு வேலையே இல்லை, விழுந்தவரை விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டே நிற்பதுதான். கண்ணை எடுத்தால் போச்சு; சின்ன அலையில்கூடத் தலை மறைந்துவிடும். தண்ணீர் குடித்த பொம்மையை மேலே தூக்க இரண்டு பேர் திணறினோம். நனைந்த உடுப்போடு சோர்ந்துபோன மனிதரைத் தனி ஆள் எப்படி ஏற்றுவார்? ஏணி இல்லாத படகில் தனியாகப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மதியம் வகுப்பில் 1998ஆம் ஆண்டு சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் போட்டி பற்றிப் பேச்சு. 115 படகுகள் கிளம்பி 44 மட்டுமே போய்ச் சேர்ந்தன. 5 மூழ்கின, 6 பேர் இறந்தார்கள், 55 பேர் மீட்கப்பட்டார்கள். நல்ல ஆயத்தத்தோடு போனவர்களுக்கே அந்தக் கதி.

அப்புறம் ஈபர்ப், ஆபத்தில் இருக்கும் படகு உதவி கேட்கும் கருவி. கரையிலிருந்து 2 கடல் மைலுக்கு அப்பால் போகும் படகுக்கு இது கட்டாயம். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும். அது கான்பராவில் உள்ள மீட்பு மையத்துக்குப் போகும். பதிவு இலவசம். பதிந்திருந்தால் படகு எது, வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்கு உடனே தெரியும். காலாவதியானதைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. குப்பைமேட்டில் கிடந்து கத்திய கருவியைத் தேடி மீட்புக் குழுக்கள் அலைந்ததெல்லாம் உண்டு.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் வெயில் கொளுத்தியது. பிற்பகலில் தெற்குக் காற்று. எங்கள் ஊர்ச் சோழகக் காற்று மாதக்கணக்கில் ஒரே சீராக வீசும். இங்கே இது சில நிமிடங்களில் வந்து கடலைப் புரட்டிப் போட்டுவிடும்.

நான்கு மணிக்குத் திரும்புவதாகப் பதிந்த ஒரு படகிடமிருந்து பேச்சில்லை. ரேடியோவில் கூப்பிட்டோம், போனில் கூப்பிட்டோம், பதில் இல்லை. வீட்டு எண்ணில் அவருடைய அம்மா எடுத்தார், குரல் மாறிவிட்டது. தேடலை ஒருங்கிணைப்பது காவல்துறையின் கடல் பிரிவு. படகை இறக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, படகுத்துறையில் அவருடைய காரும் ட்ரெய்லரும் இல்லை என்று தகவல் வந்தது. ஆள் காற்றைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்கே கரையேறி, போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

அறையில் சிலர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்கூட்டியே திரும்பியது நல்ல முடிவு, சொல்லாமல் விட்டது மட்டும்தான் பிசகு. அவர் பதியாமல் போய், உண்மையிலேயே கவிழ்ந்திருந்தால், இருட்டும்வரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

தம்பி ரேடியோ வாங்கிவிட்டார். வாளியும் இரண்டாவது துடுப்பும் வந்துவிட்டன. முதல் சவாரிக்குப் பதிந்து, திரும்பியதும் சொன்னார். இரண்டு ஃப்ளாட்ஹெட் மீன், ஒன்று எங்கள் வீட்டுக்கு.

இப்போது ஆசை வளர்ந்து, வடக்கே ஓர் ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகலாமா என்று கேட்கிறார். கடல் வற்றும் நேரத்தில் ஆற்று நீர் வெளியே பாயும்போது எதிரே வரும் அலை அங்கே செங்குத்தாக எழும்பும். அந்த வள்ளத்துக்கு வேண்டாம் என்றேன். அடுத்த சனிக்கிழமை அந்த ஊர்க் கரையில் நின்று, வற்று நேரத்தில் மற்றப் படகுகள் எப்படிக் கடக்கின்றன என்று இரண்டு பேரும் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.