வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை: பள்ளி திறக்கும் நாட்களில் பெற்றோருக்கு

கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற இந்த நாட்களில், பெற்றோராகிய நாம் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய வேதபகுதி எது என்று கேட்டால், 1 சாமுவேலின் முதல் மூன்று அதிகாரங்களையே நான் தயங்காமல் சொல்வேன். சாமுவேலின் தாயான அன்னாளின் ஜெபத்தைக் குழந்தைப் பாக்கியத்துக்காகக் காத்திருக்கிறவர்களுக்கான பகுதியாக மட்டுமே நாம் பெரும்பாலும் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அவளுடைய கதை சாமுவேல் பிறந்ததோடு முடிந்துவிடவில்லை. கேட்டுப் பெற்ற பிள்ளையைத் தன் கண்ணுக்கு எட்டாத ஓர் இடத்தில், வேறொருவருடைய பொறுப்பில் விட்டுவிட்டு வீடு திரும்பியவள் அவள். பிள்ளையை முதன்முதலாக எல்.கே.ஜி. வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நிற்கிற தாய்க்கும், விடுதியில் சேர்த்துவிட்டுப் பேருந்தில் திரும்புகிற தகப்பனுக்கும் அவளை நன்றாகவே புரியும்.

பால் மறந்த பிறகு அவனைச் சீலோவிலிருக்கிற ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள் என்று சொல்லுகிற வசனம், "பிள்ளை இன்னும் குழந்தையாயிருந்தது" என்றே முடிகிறது. அவள் ராமாவுக்குத் திரும்பிய பிறகு அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பற்றி வேதம் எதுவும் சொல்வதில்லை. ஆனால் ஒரு வரியை மட்டும் நமக்காக விட்டுவைத்திருக்கிறது. வருஷந்தோறும் பலி செலுத்தத் தன் புருஷனோடு வருகிறபோதெல்லாம், அவள் அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவருவாள் என்கிறது 1 சாமுவேல் 2:19.

இந்த ஜூன் மாதத்தில் சீருடை தைக்கக் கொடுத்த எந்தத் தாயும் இந்த வசனத்தைச் சும்மா கடந்துவிட முடியாது. எங்கள் பாளையங்கோட்டைத் தையற்கடைகளில் இப்போது நிற்பதற்கு இடமில்லை. "வளர்கிற பிள்ளை, கீழே மடிப்பு நிறைய விட்டுத் தையுங்கள்" என்று ஒவ்வொரு தாயும் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். சென்ற வருஷத்துக் கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டால், பழைய மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் ஒரு கோடாகத் தெரியும். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அன்னாளுக்கு அந்த வசதியும் இல்லை. வருஷத்தில் ஒருமுறை மட்டும் பார்க்கிற பிள்ளையின் தோளும் கையும் அடுத்த வருஷம் எவ்வளவு நீண்டிருக்கும் என்று அவள் ராமாவில் உட்கார்ந்து நினைத்து நினைத்துத்தான் வெட்டியிருக்க வேண்டும். பின்னால் அவளுக்கு மூன்று குமாரரும் இரண்டு குமாரத்திகளும் பிறந்தார்கள். கைக்குழந்தைகள் நிறைந்த வீட்டில், தூரத்திலிருக்கிற மூத்தவனுக்காக அவள் ஊசியும் நூலும் எடுத்திருக்கிறாள்.

நம்முடைய ஜெபமும் அந்தச் சட்டையைப்போல அவ்வருஷத்து அளவுக்குத் தைக்கப்பட வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது "ஆண்டவரே, நல்ல ஞானத்தைக் கொடும், நல்ல மார்க்கு எடுக்க உதவி செய்யும்" என்று தொடங்கிய ஜெபத்தை, அவன் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒரு சொல் மாறாமல் நாம் சொல்லிக்கொண்டிருப்பது உண்டு. ஆண்டவர் அந்த ஜெபத்தையும் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பிள்ளைக்கு இப்போது என்ன பயம், யாரோடு பழகுகிறான், எந்தப் பாடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லக் கூசுகிறான், மதிய இடைவேளையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதையெல்லாம் அறிந்து ஜெபிக்கிற பெற்றோரின் ஜெபம் வேறு விதமாக இருக்கும். அறிந்துகொள்ள வேண்டுமானால் பிள்ளையிடம் கேட்க வேண்டும். கேட்ட பிறகு, உடனே புத்திமதி சொல்லத் தொடங்காமல் காது கொடுக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்காகப் புதுப் பள்ளிக்குப் போகிற என் மகனிடம், "எதைக் குறித்து அம்மா ஜெபிக்கட்டும்?" என்று சென்ற வாரம் கேட்டேன். பாடத்தைப்பற்றி ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "பெஞ்சில் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும்" என்றான். அன்றிலிருந்து எங்கள் குடும்ப ஜெபத்தில் அந்த விண்ணப்பம் தினமும் இருக்கிறது.

நம் சபைகளில் மார்ச் மாதம் பொதுத்தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை முன்னால் வரச்சொல்லி, ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் வைத்து ஜெபிப்பது நல்ல வழக்கம். ஜூன் மாதத்திலும் புத்தகப் பைகளோடு வரச்சொல்லி ஜெபிக்கிற சபைகள் இருக்கின்றன. அது இன்னும் பல சபைகளில் தொடங்கப்பட வேண்டும் என்று குருவானவர்களிடமும் சபை மூப்பர்களிடமும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் தேர்வு என்பது சில நாட்கள்தான். பிள்ளை மனிதனாக உருவாவது மீதமுள்ள மாதங்களில். லூக்கா 2:52, இயேசுவானவர் ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார் என்று சொல்கிறது. ஞானம் அங்கே முதலில் நிற்பது உண்மைதான். அதோடு சரீரமும், தேவனோடுள்ள உறவும், மற்றவர்களோடுள்ள உறவும் ஒரே வசனத்தில் சேர்ந்தே வருகின்றன. மதிப்பெண்ணை மட்டும் கேட்கிற ஜெபம் இந்த வசனத்தில் முக்கால்வாசியை விட்டுவிடுகிறது என்பதே என் எண்ணம்.

சீலோவைப்பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்னாள் தன் பிள்ளையை விட்டுவந்த இடம் பத்திரமான இடமாக இருக்கவில்லை. ஆலயம்தான், ஆனால் அங்கே ஆசாரியனாகிய ஏலியின் குமாரரான ஓப்னியும் பினெகாசும் பலிக்கு வந்தவர்களிடமிருந்து மாம்சத்தைப் பலவந்தமாய்ப் பிடுங்கினார்கள், ஆசரிப்புக் கூடார வாசலில் கூடிய ஸ்திரீகளிடத்தில் கேடாய் நடந்துகொண்டார்கள், அதைக் கேள்விப்பட்ட தகப்பன் வாயால் கண்டித்தாரேயன்றி அவர்களை அடக்கவில்லை. அப்படிப்பட்ட இருவர் நடமாடிய இடத்தில்தான் சாமுவேல் வளர்ந்தான். அவர்களுடைய அக்கிரமத்தைச் சொல்லிக்கொண்டே வருகிற அதே இரண்டாம் அதிகாரம், பிள்ளையாண்டானாகிய சாமுவேல் வளர்ந்து கர்த்தருக்கும் மனுஷருக்கும் பிரியமாக நடந்துகொண்டான் என்பதையும் இடையிடையே சொல்லிவருகிறது. கெட்ட சூழல் பிள்ளையைக் கெடுத்தே தீரும் என்று அஞ்சுகிற நமக்கு இந்த அதிகாரம் பெரிய ஆறுதல்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து எழுதுகிற நான் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும், தடுக்க வந்த அவருடைய தங்கையையும், அவரோடு படித்த மாணவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டிவருவதைத் தடைசெய்ய வேண்டும் என்பதும் ஒன்று. பிள்ளையின் பையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று பார்க்கிற நாம், அவன் கையில் என்ன கட்டியிருக்கிறான், ஏன் கட்டியிருக்கிறான் என்பதையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அதைவிட முக்கியமானது, சாப்பாட்டு நேரத்தில் நம் வாயிலிருந்து மற்றவர்களைப்பற்றி என்ன சொற்கள் வருகின்றன என்பது. கிறிஸ்தவ வீடுகள் இதற்கு விலக்கல்ல என்பதை நாம் அனைவரும் அறிவோம். நீ வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் பேசு என்கிறது உபாகமம் ஆறாம் அதிகாரம். அப்படி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வேறொன்றைப் பேசினாலும் பிள்ளைகள் அதையும் கற்றுக்கொள்வார்கள். என் பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடாது என்று ஜெபிக்கிற நாம், என் பிள்ளையால் இன்னொரு பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடாது என்றும் முழங்காலில் நின்று கேட்க வேண்டும்.

ஆசிரியர்களைப்பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏலிதான் நினைவுக்கு வருகிறார். தன் சொந்தப் பிள்ளைகள் விஷயத்தில் தோற்றுப்போனவர், கண் மங்கியவர். ஆனாலும் ஏலி கூப்பிட்டதாக எண்ணி இரவில் ஓடிவந்து எழுப்பிய சிறுவன் சாமுவேலை எரிந்து விழாமல் திரும்ப அனுப்பி, மூன்றாம் முறையில் கர்த்தர்தாம் அவனைக் கூப்பிடுகிறார் என்பதை உணர்ந்து, "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. சாமுவேல் வாழ்நாளெல்லாம் சுமந்த பாடத்தைக் குறையுள்ள ஓர் ஆசிரியரிடமிருந்துதான் பெற்றான். ஆகையால் பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரைக் குறைசொல்லுமுன் அவருக்காக ஒரு ஜெபம் ஏறெடுப்போம். நம்முடைய கிராமங்களில் கோவிலை ஒட்டியே நிற்கிற, திருநெல்வேலித் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளிகளில், ஓரிரு ஆசிரியர்களே எல்லா வகுப்புகளையும் தாங்குகிற பள்ளிகள் உண்டு. அவர்களுடைய தொண்டைக்காகவும் பொறுமைக்காகவும் ஜெபிக்கத்தான் வேண்டும். 2024 ஜூலையிலிருந்து காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. விடியுமுன் எழுந்து உப்புமாவும் பொங்கலும் சமைக்கிற மகளிர் குழுச் சகோதரிகளையும் நன்றியோடு நினைப்போம். நம் பிள்ளை வீட்டில் சாப்பிட்டாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை அவர்களுடைய கையால் சாப்பிடுகிறான்.

கட்டணம் கட்டுவதற்காக நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோன பெற்றோருக்கும் வேதத்தில் ஒரு துணை இருக்கிறது. 2 இராஜாக்கள் 4இல் தீர்க்கதரிசியாகிய எலிசாவிடம் வந்து முறையிட்ட விதவை, கடன்காரன் தன் இரண்டு குமாரரையும் கொண்டுபோக வந்துவிட்டான் என்றாள். பிள்ளைகளையும் கடனையும் ஒரே மூச்சில் சொல்லி அழுத அவளை எலிசா கடிந்துகொள்ளவில்லை, "உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டான். நாமும் வெட்கப்படாமல் தொகையைச் சொல்லியே ஜெபிக்கலாம்.

காலையில் நீண்ட ஜெபத்துக்கு நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். வேன் ஹாரன் அடிக்கும், ஒரு ஷூ கிடைக்காது, தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருக்கும். அந்த அவசரத்திலும் தலையில் கை வைத்து, "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்" என்ற 121ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை செய்கிற தகப்பன்மார் அதைக் கைப்பேசியில் சொல்லி அனுப்பலாம். அன்னாளுக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. மாலையில் பிள்ளை வந்தவுடன் மார்க்கைக் கேட்காமல் முகத்தைப் பார்ப்போம். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்ற கொலோசெயர் 3:21, பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் சுவரில் எழுதி மாட்டத்தக்கது.

இதை வாசிக்கிற நீங்கள் என்னோடு சேர்ந்து ஜெபியுங்கள். பிள்ளையின் பெயரை உரிய இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பரலோகப் பிதாவே, இந்தப் பிள்ளையை எங்களுக்குத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்தக் கல்வியாண்டு முழுவதும் எங்கள் கண் எட்டாத இடங்களில் உம்முடைய கண் இவன்மேல் இருக்கட்டும். ஞானத்தில் குறைவுள்ளவர்களுக்குக் கடிந்துகொள்ளாமல் சம்பூரணமாய்க் கொடுக்கிற தேவனே, புரியாத பாடத்தில் இவனுக்கு அறிவைத் தாரும். புரியவில்லை என்று சொல்லுகிற தைரியத்தையும் தாரும். நல்ல சிநேகிதரைக் கொடும். ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு இவனையே சிநேகிதனாக்கும். சாலையிலும் வாகனத்திலும் விளையாட்டு மைதானத்திலும் காத்துக்கொள்ளும். வாகனம் ஓட்டுகிறவர்களையும், சமைக்கிறவர்களையும், ஆசிரியர்களையும் பெலப்படுத்தும். சாதியின் பெயரால் வருகிற பகையை எங்கள் பள்ளிகளைவிட்டும், முதலாவது எங்கள் வீடுகளைவிட்டும் அகற்றும். கட்டணம் கட்ட வழியில்லாமல் தவிக்கிற குடும்பங்களுக்கு வழியைத் திறந்தருளும். தகப்பனோ தாயோ இல்லாமல் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை நீரே அணைத்துக்கொள்ளும். எங்கள் ஆசைகளை இவன்மேல் சுமத்தாமல், நீர் இவனுக்கு வைத்திருக்கிறதைக் கண்டு நடத்த எங்களுக்குப் பொறுமை தாரும். நீர் கூப்பிடும் நாளில், உம்முடைய சத்தத்தை இவன் அறிந்துகொள்ளட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.