இடப்பக்கம் முளைத்த பல் வலப்பக்கம் ஏன் வரவில்லை?

பிள்ளைக்குக் கீழ்த்தாடையில் ஒரு பக்கம் நிரந்தரப் பல் வந்து, மறுபக்கம் ஈறு மொட்டையாகவே இருந்தால் வீட்டில் பதறிப்போவார்கள். இரண்டு மூன்று மாத வித்தியாசம் சகஜம். ஆறு மாதம் கடந்தும் ஜோடிப் பல் தலைகாட்டாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வயதைப் பார்ப்பதைவிட இந்த இட வலக் கணக்குதான் நம்பகமானது.

நம் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது வழக்கம். எறியும் முன் அதன் அடியைப் பாருங்கள். வேர் கரைந்து குழிந்திருந்தால் தானாக, காலத்தில் விழுந்த பல். வேர் நீளமாக இருந்தால் முன்கூட்டியே போய்விட்டது என்று அர்த்தம். எந்தப் பல், எந்தப் பக்கம் என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

கீழ் முன்பற்களும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லும் 6-7 வயதில் வரும். இந்தக் கடைவாய்ப்பல் எந்தப் பால்பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கும். அதையும் பால்பல் என்றே நினைத்து, சொத்தையானாலும் விட்டுவிடுகிறார்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆயுசுக்கும் மென்று சாப்பிட வேண்டிய பல் அது.

அதிகம் போக்குக் காட்டுவது 11-12 வயதில், பால் கடைவாய்ப்பல் விழுந்த இடத்தில் வரும் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்தான். அது தாடைக்குள் உருவாவதே தாமதம். சில பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் வேர் பாதி வளர்ந்திருக்கும். மறுபக்கம் தலைப்பகுதியே முடிந்திருக்காது. சிலருக்கு அந்தப் பல்லே கிடையாது. அதனால் மேலே நிற்கும் பால் கடைவாய்ப்பல்லை எக்ஸ்ரே பார்க்காமல் பிடுங்கச் சொல்லாதீர்கள்.

அந்தப் பால்பல்லை ரொம்ப முன்னதாகவே எடுத்துவிட்டால், மேலே எலும்பும் ஈறும் தடித்து அடியில் உள்ளது தாமதமாகும். அதே பல்லின் வேரில் சீழ் பிடித்து எலும்பை அரித்திருந்தால், வேர் முற்றாத பல் அவசரமாக வெளியே வந்துவிடும். ஒரே வாயில் இரண்டும் நடக்கலாம். காலி இடத்தை நோக்கிப் பின்னாலுள்ள கடைவாய்ப்பல் சாய்ந்தால் வழி அடைபடும். அதைத் தடுக்க, பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டிக் கம்பி வைப்பார்கள். புதுப்பல் எட்டிப்பார்த்ததும் கழற்றிவிட வேண்டும்.

பால்பல் ஒன்று பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்து, கொஞ்சமும் ஆடாமல் இருந்தால், எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். காட்டிவிடுங்கள்.

முன்பல் பால்பல்லுக்குப் பின்னால் இரட்டை வரிசையாக வந்தால் பயம் வேண்டாம். பால்பல் ஆடினால் அதுவே விழும், நாக்கு புதுப்பல்லை முன்னே தள்ளும். ஆடவே இல்லையென்றால் எடுக்க வேண்டிவரும்.

ஓபிஜி என்ற, வாய் முழுவதையும் எடுக்கும் எக்ஸ்ரேயில் இரு பக்கமும் ஒரே படத்தில் தெரியும். பல் ஈறைத் தாண்டும் சமயம் வேர் ஏறக்குறைய முக்கால் பங்கு வளர்ந்திருக்கும். அதற்கு மேலும் வளர்ந்து உள்ளேயே கிடந்தால், எது தடுக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.