வளரச் சொல்றதும் கால்சியம், சாகச் சொல்றதும் கால்சியம்
ஓவரி செல்லு எப்படி வளருதுன்னு படிக்க ஆரம்பிச்சா எந்தப் பக்கம் போனாலும் கால்சியத்துலதாங்க வந்து நிக்குது. செல்லுக்குள்ள சும்மா இருக்கும்போது கால்சியம் ஏறக்குறைய 100 நானோமோலார்தான், வெளிய அதை விட 10,000 மடங்கு ஜாஸ்தி, அதனால செல்லு ராத்திரி பகலா பம்ப் பண்ணி வெளிய தள்ளிட்டே இருக்கு, மிச்சத்தை செல்லுக்குள்ளயே இருக்கிற ஈஆர்ங்கிற (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்) ஸ்டோர்ல அடைச்சு வச்சுக்குது. அணையில தண்ணி தேக்கின மாதிரி, மதகை லேசா தூக்கினாலே போதும்.

அந்த மதகைத் தூக்குறது ஐபி3ன்னு ஒரு குட்டி மாலிக்யூல், 1983ல பெர்ரிட்ஜும் அவர் கூட்டாளிங்களும் கணைய செல்லுல காட்டினது. நார்மல் ஓவரியிலயும் இந்த வழி இருக்கு. ஓவரி கேன்சர்ல என்னன்னா, வயித்துல சேர்ற நீர்ல எல்பிஏன்னு ஒரு கொழுப்பு நிறைய இருக்கும், அது செல்லு மேல இருக்கிற ரிசெப்டர்ல, அதாவது சிக்னலை வாங்குற புரோட்டீன்ல போய் ஒட்டுது, உள்ள ஐபி3 உருவாகுது, கால்சியம் குபுக்குன்னு வருது, அதை கால்மாடுலின்ங்கிற புரோட்டீன் பிடிச்சுக்கிட்டு அடுத்தடுத்த என்சைமை எழுப்பிவிட செல்லு பெருக ஆரம்பிக்குது. ஸ்டோர் காலியானா ஸ்டிம்1ங்கிற புரோட்டீன் அதைக் கண்டுபிடிச்சு, செல்லோட மேல்சவ்வுல இருக்கிற ஓராய்1ங்கிற வாசல் வழியா வெளியிலிருந்து உள்ள இழுத்துக்கும்.

ஆனா இதே கால்சியம் செல்லுக்கு சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள அளவுக்கு மீறி போச்சுன்னா செல்லு தானா செத்துடும், கீமோ மருந்து வேலை செய்யறதுல இதுக்கும் பங்கு இருக்கு. எவ்வளவு, எங்க, எவ்வளவு நேரம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

பல பேரு பயப்படுற விஷயம் ஒண்ணு, கால்சியம் மாத்திரை சாப்பிட்டா கட்டி வளருமான்னு. நான் மேல சொன்ன சிக்னல் செல்லு தன் ஸ்டோர்லயிருந்து நொடிக்கணக்குல விடுறது, ரத்தத்துல இருக்கிற கால்சியத்தை கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பியும் கிட்னியும் தனியா கட்டுப்படுத்துது. டாக்டர் குடுத்த மாத்திரைய பயந்து நீங்களா நிறுத்தாதீங்க ப்ளீஸ்.

என்னை ரொம்ப பாதிச்சது ஒரு அபூர்வமான ஓவரி கேன்சர், ஸ்மால் செல் ஹைப்பர்கால்சீமிக் டைப், பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கிற பொண்ணுங்களுக்கு வருது. மூணுல ரெண்டு பேருக்கு ரத்தத்துல கால்சியம் ஏறியிருக்கும், ஆனா ஸ்மார்கா4 ஜீன் போயிடறதால அந்தக் கேன்சர் செல்லுக்குள்ள ஐபி3 ரிசெப்டர்ல (ஐபி3 தூக்குற அந்த மதகுதான்) ஒரு வகை குறைஞ்சு, சாகறதுக்கு வேண்டிய கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு சரியா போய்ச் சேரவே மாட்டேங்குது, கீமோவுக்கு அது அசராததுக்கு இதுவும் ஒரு காரணம். சின்ன வயசுப் பொண்ணுக்கு அடிவயித்துல கட்டி, கூடவே தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல்னா டாக்டர்கிட்ட ரத்தத்துல கால்சியமும் பாக்கணுமான்னு வாயத் தொறந்து கேளுங்க.