உத்தர வீதி நாய்கள்: நான்கு மாதக் குறிப்பு

ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு உத்தர வீதிகளையும் விடியற்காலையில் வலமாகச் சுற்றி நடப்பது என் நெடுநாள் வழக்கம் என்றாலும், அங்கே வாழும் நாய்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எழுதிவைக்கும் எண்ணம் சென்ற ஆவணியில்தான் தோன்றியது. கீழ உத்தர வீதியின் வடமுனையில் ஒரு கறுப்பு நாய் நாள்தோறும் என்னைப் பார்த்துக் கடுமையாகக் குரைக்கும். அது எங்கே உறங்குகிறது, ஏன் என்னிடம் இத்தனை சினம் கொள்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

முதல் மாதம் நிறத்தை மட்டுமே எழுதியதால் குறிப்புகள் பெரும்பாலும் பயன்படவில்லை. ‘செவலை, சுருண்ட வால்’ என்று நான் ஒன்றாகக் கணக்கிட்டவை உண்மையில் இரண்டு நாய்கள் என்பது, தெற்கு வீதித் தேநீர்க் கடை முன் இரண்டும் அருகருகே நின்ற ஒரு காலையில்தான் விளங்கியது. அவற்றுள் ஒன்றுக்குக் காது நுனியில் சிறு வெட்டு இருந்தது. கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்ட நாய்க்கு இடும் அடையாளம் அது. அன்று முதல் நிறத்தோடு காது, பாதங்கள், மார்பு வெள்ளை, வால் நுனி ஆகியவற்றையும் எழுதி வருகிறேன்.

புரட்டாசியில்தான் எல்லைகள் புலப்பட்டன. வடக்கு வீதியில் வெண்ணிறப் பாதங்கள் கொண்ட ஒரு நாய் சில அடி பின்னால் ஓசையின்றி என்னைத் தொடர்ந்து வந்து, வடகிழக்கு மூலையில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடுவதை அதுவரை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. கறுப்பு நாய் குரைத்தது அதைப் பார்த்துத்தான். ஒருநாள் பால் வாங்குவதற்காகத் தெற்கிலிருந்து கீழ வீதி வழியே அதே இடத்துக்குத் தனியாக வந்தபோது, அது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. இந்த நான்கு மாதங்களில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த பதிவு இதுவே.

நெருங்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். நேராகச் சென்று கண்ணுக்குக் கண் பார்ப்பதை நாய்கள் மிரட்டலாகக் கொள்கின்றன. ஆகவே சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, வருவதும் வராததும் அவற்றின் விருப்பம் என்று விட்டுவிடுகிறேன். உறக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விட்டாலோ, உணவில்லாதபோது உதட்டை நக்கினாலோ அது பெரும்பாலும் கலக்கத்தின் குறி என்பதால் உடனே விலகிவிடுவேன். ஐப்பசியில் ஓர் இளநாய் துள்ளி விளையாடியபோது நகம் பட்டுக் கையில் இரத்தம் கசிந்தது. சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசித் தவணைகளைத் தொடங்கினேன்.

கார்த்திகையில் கறுப்பு நாயை ஒரு வாரம் காணவில்லை. பிறகு வந்தபோது, வால் விறைக்க, பல்லைக் காட்டி உறுமியது. அருகில் பூக்கட்டும் அம்மாவிடம் கேட்டேன்.

“கறுப்பாயி கடிக்கிற நாய் இல்ல தம்பி. படிக்குக் கீழ குட்டி போட்டிருக்கு, கண்ணு இன்னும் திறக்கல, அதான்.”

அது பெட்டை என்பதைக்கூட நான் அதுவரை கவனித்திருக்கவில்லை. ஆட்டோ நிறுத்தத்தில் அதே நாய்க்கு டைகர் என்று பெயர். நோட்டில் இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டு, இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

இப்போது மார்கழி. கணக்கில் பதினான்கு நாய்கள் உள்ளன. ஒன்பதுக்குக் காது வெட்டு இருக்கிறது. எஞ்சிய ஐந்தில் மூன்று பெட்டைகள். அவை எந்நேரம் எங்கே படுத்திருக்கும் என்ற பட்டியலைக் கருத்தடைக்காக மாநகராட்சியிடம் கொடுக்க எழுதி முடித்துவிட்டேன். 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அறுவைக்குப் பின் அவற்றைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதால், இடத்தைத் துல்லியமாகக் குறித்திருக்கிறேன். கறுப்பாயியின் பெயருக்கு எதிரே மட்டும், குட்டிகள் பால்குடி மறந்த பிறகே பிடிக்க வேண்டும் என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.